மோரீசில் ஓர் அறை

கல்யாணம் முடிந்து பதினோராம் நாள் ராத்திரி. கதிர்காமத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து, மடிக்கணினியை நடுவில் வைத்துக்கொண்டு ஹோட்டல் தேடிக்கொண்டிருந்தோம். ஏழு இரவு, மொரீஷியஸ். எந்த நாடு என்பதில் சண்டை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டாம் என்பதே பாதி முடிவைச் செய்துவிட்டது. சண்டை எல்லாம் எந்தக் கரையில் தங்குவது என்பதில்தான்.

இதில் எனக்குக் கொஞ்சம் தொழில் திமிர் உண்டு. ஒயிட் டவுனில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவள் நான். 'கடல் பார்த்த அறை' என்றால் பால்கனியில் எட்டிப் பார்த்தால் ஒரு கோடு நீலம் தெரியும் என்று அர்த்தம். 'பாரம்பரிய வீடு' என்றால் குழாயில் வெந்நீர் வர நேரமாகும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புதுசா கல்யாணமான ஜோடிகள் மஞ்சள் சுவருக்கு முன்னால் படம் எடுக்க வருவார்கள். அந்த வீதிகளில் கதிர்காமத்துக்காரி வேலைக்குப் போவாள், சாயங்காலம் திரும்பி வந்துவிடுவாள். இப்போது நாங்கள் விருந்தாளி. எதைக் கேட்கணும், எதை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

தீவு பெரிசு இல்லை. வடக்கு தெற்காக அறுபத்தைந்து கிலோமீட்டர், அகலம் நாற்பத்தைந்து. சுற்றிலும் பெரும்பாலும் பவளப்பாறை அரண், அதனால்தான் கரையோரத் தண்ணீர் குளம் மாதிரி நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று அடிக்கும். பெல் மார் இருக்கிற கிழக்குக் கரையில் அப்போது தொப்பி நிற்காது. அதே மாதங்களில் மேற்கே ஃப்ளிக் ஆங் ஃப்ளாக் அமைதியாக இருக்கும். வடக்கே கிராண்ட் பே கடைத்தெருவும் கூட்டமும். தென்மேற்கு மூலையில் லெ மோர்ன், ஒரு பெரிய பாறை மலையும் அதன் காலடியில் விலை உயர்ந்த விடுதிகளும். தென்கிழக்கே ப்ளூ பே, விமான நிலையத்துக்குப் பக்கம். கணவர் ப்ளூ பே என்றார். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஆயா படியேறி வந்தாள். "எந்த ஊருக்குடி போறீங்க?"

"மொரீஷியஸ், ஆயா."

"மோரீசா?" என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். "அங்க போனவன் திரும்பினதில்ல. எங்க ஆயாவோட அண்ணன் ஒருத்தன் போனான். கடுதாசி கூட வர்ல."

பெயர் கேட்டேன். தெரியவில்லை. எந்த வருஷம்? அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்து, மோரீஸ் என்ற சொல் எங்கள் வீட்டில் வாழைப்பழத்துக்குத்தான். அந்தக் குட்டை வாழை மொரீஷியஸ் வழியாக வந்ததால் வந்த பேர் என்பார்கள். மனுஷன் போன கதையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மறுநாளிலிருந்து ஹோட்டல் தேடும் ஜன்னலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜன்னல் திறந்துகொண்டது. புதுச்சேரிக்காரர்கள் அந்தத் தீவில் எங்கே தங்கினார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

டச்சுக்காரர்கள் 1710-இல் தீவைக் கைவிட்டுப் போனார்கள். 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்களுடையது என்று அறிவித்து, 'பிரான்ஸ் தீவு' என்று பேர் வைத்தார்கள். 1735-இல் ஆளுநராக வந்தவர் மாஹே தெ லபூர்தொனே. நம்ம ஒயிட் டவுனில் ஒரு வீதியே அவர் பேரில் இருக்கிறது. 1746-இல் மதராஸைப் பிடித்து, அதை என்ன செய்வது என்பதில் துய்ப்ளேக்ஸோடு முட்டிக்கொண்டு, கடைசியில் பாரீசில் பஸ்தீய் சிறையில் கிடந்த அதே ஆள். அவர் போர்ட் லூயிஸில் துறைமுகம், மருத்துவமனை, கிடங்குகள், தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் எல்லாம் கட்டினார். கட்டினார் என்றால் கட்டச் சொன்னார். கல் சுமந்தவர்கள் மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள். கொத்து வேலை, தச்சு வேலை, கொல்லு வேலை தெரிந்தவர்கள் புதுச்சேரியிலிருந்து ஒப்பந்தத்தில் போன தமிழர்கள். அவர் வருவதற்கு முன்னாலேயே, 1729 வாக்கிலேயே இப்படிக் கைவினைஞர்கள் போகத் தொடங்கியிருந்தார்கள்.

அவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் 'மலபார்கள்' என்று அழைத்தார்கள். கேரளத்துக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தமில்லை, அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்குத் தமிழர் எல்லாரும் மலபார்தான். போர்ட் லூயிஸின் கிழக்குப் புறத்தில் அவர்கள் குடியிருந்த பகுதிக்கு 'மலபார் முகாம்' என்று பேர் விழுந்தது. வெள்ளையர் நடுவில், மற்றவர்கள் ஓரத்தில். புதுச்சேரியில் வாழ்ந்தவனுக்கு இந்த வரைபடம் புதுசே இல்லை. 1768 முதல் 1770 வரை அங்கே இருந்த பெர்னார்தேன் தெ சேன்-பியர் என்ற எழுத்தாளர் இவர்களைப் பார்த்துத் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள், பெரும்பாலும் தொழிலாளிகள், தலைப்பாகை கட்டுகிறவர்கள், சிக்கனமானவர்கள் என்கிற மாதிரி.

இதே ஆள்தான் 1788-இல் 'போலும் விர்ழினியும்' என்ற காதல் நாவலை வெளியிட்டார். மொரீஷியஸ் என்றால் காதல் தீவு என்ற பிம்பம் உலகத்துக்குப் போனது அதிலிருந்துதான். நாவலில் விர்ழினி கப்பல் உடைந்து சாகிறாள். அந்தக் கப்பல் 'சேன் ழெரான்' நிஜம், 1744 ஆகஸ்டில் தீவின் வடகிழக்குக் கரைக்கு எதிரே பாறையில் மோதி மூழ்கியது. அது சுமந்து வந்த சரக்கில் ஒன்று கரும்பாலை இயந்திரங்கள்.

ஒப்பந்தம் போட்டுப் போனவர்கள் பாக்கியசாலிகள் என்றுதான் சொல்லவேண்டும். இன்னொரு வகையில் போனவர்களும் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நாம் வியாபாரத்துக்காகவும் துய்ப்ளேக்ஸுக்காகவும் வாசிக்கிறோம். 1743-இல் அவர் எழுதிவைத்திருக்கிற ஒரு விவகாரம் வேறு மாதிரி. ஊர்ப்புறங்களிலிருந்து ஆட்களை ஏமாற்றிக் கூட்டிவந்து, அடைத்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய ஒரு கும்பல் பிடிபடுகிறது. இந்தக் கடற்கரையிலிருந்து கிளம்பிய பிரெஞ்சு அடிமைக் கப்பல்களுக்குப் பிரதான சந்தை இந்தத் தீவுகள்தான். நான் வேலை பார்த்த விடுதியிலிருந்து அந்தப் பழைய துறைக்கு ஐந்து நிமிஷ நடை. விருந்தாளிகளுக்கு அதைத்தான் அடித்துச் சொல்வோம்: "பீச் ரோடு அஞ்சே நிமிஷம் சார்."

1810-இல் பிரிட்டிஷார் தீவைப் பிடித்தார்கள். 1814 ஒப்பந்தத்தில் புதுச்சேரியும் ரீயூனியனும் பிரான்ஸுக்குத் திரும்பின, மொரீஷியஸ் பிரிட்டிஷாரிடமே தங்கியது. அதற்கப்புறம் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் ஏற்றிய கூலிகளில் பெரும்பகுதி ரீயூனியனுக்குத்தான் போனது. மொரீஷியஸுக்குக் கல்கத்தா, மதராஸ், பம்பாயிலிருந்து. அப்படியென்றால் எங்கள் ஆயாவின் மோரீஸ் உண்மையில் ரீயூனியனாக இருக்கலாம். ஆனால் புதுச்சேரியின் எல்லையே ஒரு குழப்பம். ஒரு தெரு பிரெஞ்சு, அடுத்த வயல் தென்னாற்காடு ஜில்லா. எந்தப் பக்கத்து மேஸ்திரி கையில் அந்த அண்ணன் மாட்டினான் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் இருந்தவர்களுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் எல்லாம் மோரீஸ்தான்.

1835 பிப்ரவரி 1-ஆம் தேதி மொரீஷியஸில் அடிமை முறை ஒழிந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பே, 1834 நவம்பர் 2-ஆம் தேதி, 'அட்லஸ்' கப்பலில் 36 ஒப்பந்தக் கூலிகள் கல்கத்தாவிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். ஆரம்பத்தில் பொதுவான ஒப்பந்தம் ஐந்து வருஷம், மாசம் ஐந்து ரூபாய், ரேஷன். 1920கள் வரை கிட்டத்தட்ட நாலரை லட்சம் பேர். இறங்கிய துறையில் ஒரு முகாம் கட்டினார்கள். கல் படியேறி உள்ளே வந்தால் பதிவு, எண், பிற்பாடு புகைப்படம். தோட்டத்துக்கு அனுப்பும்வரை அங்கேதான் படுக்கை. தீவில் அவர்களுக்குக் கிடைத்த முதல் தங்குமிடம் அது. இன்றைக்கு ஆப்பிரவாசி காட் என்று பேர், 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

நான் நின்றுபோன இடம் அதற்கு அடுத்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்தவன் 'பழைய குடியேறி'. இனி எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதானே நினைப்போம்? 1867-இல் ஒரு சட்டம் போட்டார்கள். பழைய குடியேறி ஒவ்வொருவனும் தன் புகைப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்கவேண்டும். எந்த மாவட்டத்தில் பதிந்திருக்கிறானோ அங்கேதான் இருக்கவேண்டும், வெளியே போக போலீஸ் பாஸ் வேண்டும். சீட்டு இல்லாமல் மாட்டினால் நாடோடி என்று கைது. அக்காவையோ சிநேகிதனையோ பார்க்கப் பக்கத்து மாவட்டம் போய் ஒரு ராத்திரி தங்கினாலே குற்றவாளி ஆகிவிடலாம். தோட்டத்தில் இருந்தவன் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். 'இரட்டை வெட்டு' என்று அதற்குப் பேர். 1871-இல் அதோல்ஃப் தெ ப்ளெவிட்ஸ் என்ற தோட்டக்காரர் ஒருவரே இதற்கு எதிராக 9,401 கூலிகளின் மனுவைத் திரட்டிக் கொடுத்தார். மற்ற தோட்ட முதலாளிகள் அவரை அடித்தார்கள். லண்டன் ஒரு விசாரணைக் கமிஷன் அனுப்பியது. அதன் அறிக்கை 1875-இல் வந்தது, சட்டமும் கொஞ்சம் இளகியது.

எங்கே தங்குவது என்று நாங்கள் மொட்டை மாடியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே ஒருத்தன் பாஸ் காட்டவேண்டியிருந்த ஊர் அது.

கணவரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அதுக்காக? ஹனிமூனுக்குப் போயும் அழுதுகிட்டே இருக்கணுமா?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கும் கடலில் இறங்கணும், நல்ல மெத்தையில் தூங்கணும். பத்து மணிக்கு எழுந்து காபி குடிக்கணும்.

ஆனால் திரையில் வந்த ஓர் அறையில் என்னால் கண்ணை ஓட்ட முடியவில்லை. பழைய சர்க்கரைத் தோட்டத்து முதலாளியின் பங்களா, தூண் வைத்த தாழ்வாரம், வெள்ளைக் கொசுவலை. 'தோட்டக் காலத்து வாழ்க்கையை அனுபவியுங்கள்' என்கிற அர்த்தத்தில் ஒரு வரி. யாருடைய வாழ்க்கையை? ஒயிட் டவுனில் இதே மாதிரி வரிகளை நானே மின்னஞ்சலில் அடித்து அனுப்பியிருக்கிறேன், அப்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடற்கரை விடுதி மட்டும் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. கரையோரமாக 81.21 மீட்டர் அகலப் பட்டை அரசு நிலம். பிரெஞ்சு மன்னர் காலத்தில் தீவைக் காப்பதற்காக ஒதுக்கிய 'ஐம்பது அடிவைப்பு' அது. ஹோட்டல்கள் அதைக் குத்தகைக்கு எடுத்துத்தான் நாற்காலி போடுகின்றன. நமக்கு இதில் லாபமும் உண்டு: அலை ஏறும் கோடு வரை மணல் எல்லாருக்கும் பொது. விலை உயர்ந்த விடுதியின் முன்னால் உள்ளூர்க் குடும்பம் பாத்திரத்தோடு வந்து உட்கார்ந்தால் சட்டப்படி யாரும் எழுப்ப முடியாது. லெ மோர்ன் மலையோ தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்திருந்த இடம். விடுதலைச் செய்தி சொல்ல வந்த போலீஸைப் பார்த்துப் பிடிக்க வருகிறார்கள் என்று பயந்து மேலிருந்து குதித்தார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். 2008-இல் அதுவும் யுனெஸ்கோ பட்டியலில். இப்படிப் பார்த்தால் அந்தத் தீவில் கட்டில் போட ஓர் இடம் மிஞ்சாது. நம்ம ஊரிலும்தான்.

கடைசியில் ஒப்பந்தம் ஆனது இப்படி: முதல் இரண்டு இரவு போர்ட் லூயிஸ், என் கணக்கு. மிச்சம் ஐந்து ப்ளூ பே, அவர் கணக்கு. தேனிலவுக்கு யாரும் போர்ட் லூயிஸில் தங்குவதில்லை என்று பயண முகவர் இரண்டு தடவை சொன்னார்.

நகரத்தின் கிழக்கே ஒரு குடும்பம் மாடியை வாடகைக்கு விடுகிறது. விமான நிலையத்தில் மாற்றிய ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருந்தது. 1998-இல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் கிளம்பிய எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசைக்கு மாற்றினார்கள். நாங்கள் முதலில் வந்தவர்கள் என்பது அவர்கள் வாதம். வீட்டுக்காரப் பெரியவரின் பேர் பலகையில் பிரெஞ்சு எழுத்துக் கூட்டலில் இருந்தது. வாய்விட்டுப் படித்தால் ஆறுமுகம். தமிழ் பேசத் தெரியாது, தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பாராம். எனக்கு வந்த அரைகுறை பிரெஞ்சில் பேசினோம். ஊர் கேட்டார். கதிர்காமம் என்றேன். "கதிர்காமம்... முருகன்?" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை.

ராத்திரி சாப்பாட்டில் 'ரசோன்' என்று ஊற்றினார்கள், ரசம். 'பிப்பங்காய்' என்றால் பீர்க்கங்காய். 'முரும்' முருங்கைக் கீரை. மொழி போய்விட்டிருக்கிறது, குழம்புச் சட்டியில் மட்டும் மிச்சம்.

மறுநாள் காலை ஆப்பிரவாசி காட் போனோம். சின்ன இடம், அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். குடியேறிகளின் பதிவேடுகளும் படங்களும் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. வாரிசுகள் போய்த் தேடலாம். தேட ஒரு பேர் வேண்டும், கப்பலோ வருஷமோ வேண்டும். எங்களிடம் 'ஆயாவோட ஆயாவோட அண்ணன்' மட்டும்தான் இருந்தது. கணவர்தான் படியில் உட்கார்ந்து ஆயாவுக்கு வீடியோ கால் போட்டார். ஆயா படியைப் பார்க்கவே இல்லை. "மூஞ்சி கறுத்துப்போச்சே, ஒழுங்கா சாப்பிடுறியா?" என்றுதான் கேட்டாள். அப்புறம், "எப்ப திரும்புறீங்க?" என்றாள். தேதியைச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

மூன்றாம் நாள் ப்ளூ பே போனோம். கணவர் சொன்னது சரிதான், தண்ணீர் அவ்வளவு நீலம். அறையில் வெந்நீரும் உடனே வந்தது.