ஆட்டுத் தீவின் டார்பிடோ நிலையம்

நம் கடற்படைக்கென டார்பிடோ முதலிய நீரடிப் படைக்கலங்களை ஆராயும் கூடம் விசாகப்பட்டினத்தில் 1969-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னர், 1869-இல், அமெரிக்க நாட்டு ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நியூபோர்ட் துறைமுகத்தை ஒட்டிய ஆட்டுத் தீவு என்னும் சிறு தீவில் இத்தகைய நிலையம் ஒன்று தோன்றியது. அதன் வரலாற்றில் பெருமையும் உண்டு, தலைகுனிவும் உண்டு. என் மனத்தை விட்டு அகலாதது பின்னதே. ஆதலால் அதனையே விரித்துரைக்க விழைகிறேன்.

டார்பிடோ என்பது, தொட்டவரை மின்னதிர்ச்சியால் மரத்துப்போகச் செய்யும் ஒருவகைத் திருக்கை மீனுக்கு மேனாட்டார் வழங்கிய பெயர். தானே நீந்திச் சென்று கப்பலைத் தாக்கும் கருவியை 1866-இல் பியூமே நகரில் ராபர்ட் ஒயிட்ஹெட் என்னும் ஆங்கிலேயப் பொறிஞர் உருவாக்கினார். ஆட்டுத் தீவில் வெடிமருந்து ஆராய்ச்சியும் நடைபெற்றது. அங்குப் பணியாற்றிய சார்லஸ் மன்றோ என்னும் வேதியியலார், வெடிமருந்துக் கட்டியில் குழிவாகப் பொறித்திருந்த எழுத்துக்கள், அது வெடித்ததும் அடியிலிருந்த இரும்புத் தகட்டில் அப்படியே பதிந்ததை 1888-இல் கண்டார். பிற்காலத்தில் டாங்கியின் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளுக்கு அதுவே அடிப்படையாயிற்று.

1907-இல் அத்தீவிலேயே டார்பிடோத் தொழிற்சாலை எழுந்தது. முதல் உலகப்போருக்குப் பின் ஏனைய ஆலைகள் மூடப்படவே, ஆராய்வோரும் செய்வோரும் சோதிப்போரும் ஓரிடத்தாரே ஆயினர். அங்கு உருவான பதினான்காம் மாதிரி டார்பிடோ 46 நாட் வேகத்தில் ஓடியது. கப்பலின் காந்தப் புலத்தை உணர்ந்து அதன் அடிப்புறத்தில் வெடிக்கும் புதிய பொறியையும் அதற்கு அமைத்தனர். 1926 மே மாதம் ஒரு பழைய நீர்மூழ்கியின்மீது இப்பொறியைச் சோதித்தனர். முதல் டார்பிடோ வெடியாது அடியில் சென்றது, இரண்டாவது வெடித்தது. உயிர்ச்சோதனை அவ்வளவே! பின்னர் வேறொரு பழங்கப்பலைத் தர மேலிடம் இசைந்தது. ஆயினும் வெடிமருந்து அடைக்கலாகாது, தவறிக் கப்பல் மூழ்கினால் மீட்கும் செலவை நீங்களே ஏற்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. சோதனை கைவிடப்பட்டது. ஒரு டார்பிடோவின் விலை சுமார் 10,000 டாலர். வெடித்துப் பார்க்க மனம் வரவில்லை. வண்டி புறப்படுமுன் ஒவ்வொரு சக்கரத்தையும் சுத்தியலால் தட்டி ஓசை கேட்கும் வழக்கத்தைக் கண்டறிந்த எனக்கு இச்சிக்கனம் விளங்கவேயில்லை. பொறியின் விளக்கக் கையேட்டையும் எழுதினர். ஆனால் இரகசியம் கருதி அச்சிடாமல் பெட்டகத்தில் பூட்டி வைத்தனர்.

1941 டிசம்பரில் ஜப்பானுடன் போர் மூண்டது. பகைவர் நீரில் உயிரைப் பணயம் வைத்து அருகணைந்து எய்த மாலுமிகள், டார்பிடோக்கள் கப்பலின் அடியில் பயனின்றிச் செல்வதையும், சில பாதி வழியிலேயே வெடிப்பதையும் கண்டனர். முறையிட்டபோது, "குறி தவறியது உங்கள் பிழை" என்பதே தலைநகரத்து விடையாயிற்று. எய்தவுடன் தம் இருப்பிடம் வெளிப்பட, மேலிருந்து வீழும் வெடிகளைத் தாங்கியவர்கள் அம்மாலுமிகளே.

லாக்வுட் என்னும் கடற்படைத் தளபதி 1942 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே நீரில் மீன்வலையைக் கட்டி, அதன்மீது டார்பிடோக்களை எய்வித்தார். 10 அடி ஆழத்துக்கு அமைத்தது 25 அடியில் வலையைக் கிழித்திருந்தது! முதலில் அச்சோதனையையே குறைகூறிய அதிகாரிகள், ஆகஸ்டில் பிழையை ஒப்புக்கொண்டனர். ஆழம் உணரும் கருவி வால்பகுதியில் இருந்தது. ஓடும்போது அங்கு நீரின் அழுத்தம் குறைந்து காட்டும். அன்றியும், பயிற்சிக்கு இட்ட தலைப்பகுதி உண்மையானதைவிட இலேசானது.

காந்தப் பொறியை 1943 ஜூனில் நிமிட்ஸ் தளபதி நீக்கச் செய்தார். அப்பொழுதுதான் மூன்றாம் பிழை வெளிப்பட்டது. ஜூலை 24-இல் டினோசா என்னும் நீர்மூழ்கி, டோனான் மாரு என்ற பெரிய எண்ணெய்க் கப்பலின்மீது 15 டார்பிடோக்களை எய்தது. நின்றுவிட்ட கப்பலை நேர்க்குத்தாகத் தாக்கியும் ஒன்றன்பின் ஒன்றாக அவை வெடிக்கவில்லை. தலைவர் டாஸ்பிட் எஞ்சிய ஒன்றை எய்யாது, சோதனைக்கென்று பேர்ல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்.

ஹவாய்த் தீவொன்றின் பாறைச் சுவரில் எய்தும், 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின்மேல் போட்டும் பார்த்தனர். நேராக மோதியவற்றுள் பத்துக்கு ஏழு பழுதாயின. சாய்வாக மோதியவை பெரும்பாலும் வெடித்தன. வேகமிகுந்த மோதலில், வெடியைக் கிளப்பும் ஊசி தன் பள்ளத்திலேயே உராய்ந்து தளர்ந்துவிட்டது. எனவே மிகத் திறமையாகக் குறிவைத்தவனுக்கே மிகுந்த ஏமாற்றம் நேர்ந்தது! அத்துறைமுகப் பட்டறையில் இலேசான உலோகத்தால் புதிய ஊசிகளைச் செய்தனர். 1943 செப்டம்பர் இறுதியில், போர் தொடங்கி இருபத்தொரு மாதங்கள் சென்றபின், அவற்றைப் பொருத்திய டார்பிடோக்களுடன் நீர்மூழ்கிகள் புறப்பட்டன.

ஆட்டுத் தீவுத் தொழிற்சாலை 1951-இல் மூடப்பட்டது. ஆராய்ச்சி மட்டும் பெயர்கள் பல மாறி நியூபோர்ட்டிலேயே தொடர்கிறது. தீவில் இன்று ஒரு விடுதியும், குடியிருப்புகளும், படகுத்துறையும் உள்ளன.