பாபி விட் ஜூனியர்

பாபி விட் ஜூனியர் (பிறப்பு: ஜூன் 14, 2000) அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர் ஆவார். மேஜர் லீக் பேஸ்பால் போட்டிகளில் கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்காக 2022 முதல் ஆடி வருகிறார். உட்களத்தில் ஷார்ட்ஸ்டாப் என்னும் இடத்தில், அதாவது இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையே நின்று தடுப்பவர். வலக்கை ஆட்டக்காரர்கள் அடிக்கும் தரைப்பந்துகள் மிகுதியாக இப்பக்கம் வரும். அவற்றை எடுத்து, அடித்தவர் ஓடி வந்து சேரும் முன், 30 மீட்டருக்கும் அப்பாலுள்ள முதல் தளத்துக்கு எறிந்தாக வேண்டும். எனவே உட்களத்தில் மிகக் கடினமான இடமாக இது கருதப்படுகிறது.

இளமைக்காலம்

டெக்சாஸ் மாநிலத்தின் காலிவில் நகரில் வளர்ந்தார். இவருடைய தந்தை பாபி விட்டும் மேஜர் லீக் பந்தெறிவாளர். 16 பருவங்கள் ஆடியவர். 2001இல் உலகத் தொடரை வென்ற அரிசோனா டயமண்ட்பேக்ஸ் அணியில் இருந்தவர். புதுமுக வீரர்களை அணிகள் வரிசைப்படி தெரிவு செய்யும் ஆண்டுத் தேர்வில், தந்தை 1985இல் மூன்றாவதாகவும் மகன் 2019இல் இரண்டாவதாகவும் எடுக்கப்பட்டனர். வேறெந்தத் தந்தையும் மகனும் இவ்வளவு முன்னதாகத் தெரிவானதில்லை.

அக்காலத்தில் முந்தைய பருவத்தில் மிகுதியாகத் தோற்ற அணியே முதலில் தெரிவு செய்யும். 2018இல் 104 ஆட்டங்களில் தோற்றதால்தான் ராயல்ஸ் அணிக்கு இரண்டாம் இடம் வாய்த்தது. அதற்கும் முன்னிருந்த பால்டிமோர் ஓரியோல்ஸ், பந்துபிடிப்பாளர் ஆட்லி ரட்ச்மனை எடுத்துக்கொண்டது. ஒக்லகோமா பல்கலைக்கழகத்தில் சேர இசைந்திருந்த விட், அதை விடுத்து ஏறத்தாழ 78 இலட்சம் டாலர் ஒப்பந்தத் தொகைக்கு ராயல்ஸில் சேர்ந்தார்.

கீழ்நிலை லீக்குகள்

தொடக்கம் சிறப்பாக அமையவில்லை. 2019இல் அரிசோனாவில் ஆடிய 37 ஆட்டங்களில் ஒரே ஒரு ஹோம் ரன் மட்டுமே அடித்தார். 2020இல் கோவிட்-19 பெருந்தொற்றால் கீழ்நிலை லீக்குகள் அனைத்தும் கைவிடப்பட்டன. இருபது வயது வீரர் ஒருவருக்கு ஓராண்டு முழுதும் போட்டியின்றிப் போவது சிறிய இழப்பன்று. எனினும் 2021இல் இரண்டு நிலைகளில் ஆடி 33 ஹோம் ரன்கள் அடித்தார். பேஸ்பால் அமெரிக்கா இதழ் அவ்வாண்டின் சிறந்த கீழ்நிலை லீக் வீரராக அவரைத் தெரிவு செய்தது.

மேஜர் லீக்

ஏப்ரல் 7, 2022 அன்று கிளீவ்லாந்து கார்டியன்ஸ் அணிக்கு எதிராக முதன்முதலில் களமிறங்கினார். எட்டாவது இன்னிங்சில் அவர் அடித்த டபுள் (இரண்டாம் தளம் வரை ஓடத்தக்க அடி) அணியை முன்னிலைக்குக் கொண்டு சென்றது. அப்போது அவர் மூன்றாம் தளத்தில் நின்றார். அம்மாதமே ஷார்ட்ஸ்டாப் அடல்பெர்ட்டோ மொண்டெசி முழங்காலில் காயமுற்றதால் அவ்விடத்துக்கு மாற்றப்பட்டார்.

அப்பருவத்தில் 20 ஹோம் ரன்களும் 30 தளத் திருட்டுகளும் பெற்றார். பந்தெறிவாளரும் களத்தடுப்பாளர்களும் சுதாரிக்கும் முன் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதே தளத் திருட்டு; பெயர்தான் திருட்டு, விதிகளின்படி நேர்மையானதே. ஆனால் களத்தடுப்புக் கணக்குகள் அவரை லீக்கின் மிக மோசமான ஷார்ட்ஸ்டாப்களுள் ஒருவராகக் காட்டின. அவரை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. அணி மாற்றவில்லை. 2023இல் அதே கணக்குகள் அவரை முன்னணித் தடுப்பாளர்களுள் வைத்தன. 30 ஹோம் ரன்களையும் 49 தளத் திருட்டுகளையும் விட, அவ்வாண்டில் அவர் பெற்ற பெரும் முன்னேற்றம் இதுவே எனலாம். அணியோ 106 ஆட்டங்களில் தோற்றது.

2024 ஒப்பந்தம்

கேன்சஸ் சிட்டி சிறிய நகரம். தொலைக்காட்சி வருவாயும் குறைவு. ஆறு ஆண்டுகள் ஆடியபின் வீரர் விரும்பிய அணிக்குச் செல்லலாம் என்பதால், அங்கு வளர்ந்தவர்கள் வெளியேறுவது வழக்கம். 2015இல் உலகத் தொடரை வென்றுதந்த எரிக் ஹாஸ்மரும் லொரென்சோ கெயினும் 2018இல் வேறு அணிகளில் இருந்தனர். இந்நிலையில் பெப்ரவரி 2024இல் விட் 11 ஆண்டுகளுக்கு 28.87 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதுவரை அணி அளித்திருந்த மிகப்பெரிய ஒப்பந்தம் 8.2 கோடி டாலர் மட்டுமே. 2030 பருவத்துக்குப் பின் விரும்பினால் விலகும் உரிமையும் அவருக்கு உண்டு.

அவ்வாண்டே அவர் 0.332 சராசரியுடன் அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்றார். கிரிக்கெட் சராசரியுடன் இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. இங்கு கணக்கிடப்படுவது ஓட்டங்கள் அல்ல. 636 வாய்ப்புகளில் 211 முறை வெற்றிகரமாக அடித்துத் தளத்தை அடைந்தார் என்பதே பொருள். மூன்றில் ஒரு பங்கு வெற்றியே இவ்விளையாட்டில் உச்சம். 1990இல் ஜார்ஜ் பிரெட் பெற்றபின் ராயல்ஸ் வீரர் ஒருவர் இச்சிறப்பை அடைந்தது இதுவே முதல்முறை. 32 ஹோம் ரன்களும் 31 தளத் திருட்டுகளும் பெற்று, இரு பருவங்களில் இவ்விரண்டிலும் 30ஐத் தொட்ட முதல் ஷார்ட்ஸ்டாப் ஆனார். மிகச்சிறந்த வீரர் விருதில் ஆரன் ஜட்ஜுக்கு அடுத்த இடம் பெற்றார்.

86 வெற்றிகளுடன் ராயல்ஸ் 2015க்குப் பின் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. முதற்சுற்றில் எதிரணி, ரட்ச்மனின் பால்டிமோர். முதல் ஆட்டம் 1-0. ஒரே ஓட்டத்தை ஈட்டித் தந்தது விட்டின் அடி. இரண்டாவது ஆட்டம் 2-1. ஆறாவது இன்னிங்சில் இருவர் ஆட்டமிழந்திருந்த நிலையில் அவர் அடித்த பந்து உட்களத்தைத் தாண்டவில்லை. ஆயினும் எறி வந்து சேரும் முன் முதல் தளத்தை அடைந்தார். மூன்றாம் தளத்திலிருந்தவர் வெற்றி ஓட்டத்தை எடுத்தார். நொடிக்கு 30 அடிக்கும் மேல் ஓடும் கால்கள் ஆட்டத்தை முடித்தன. அடுத்த சுற்றில் நியூயார்க் யாங்கீசிடம் 1-3 என ராயல்ஸ் தோற்றது; அதில் விட் சோபிக்கவில்லை.

2025இல் 47 டபுள்களுடன் மேஜர் லீக் முழுவதிலும் முதலிடம் பெற்றார். 82 வெற்றிகள் பெற்றும் அணி இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்காக இவருக்கு வழங்கப்பட்டது.