வரிக்குதிரை மீனும் மனித எலும்பு நோய்களும்: ஒப்புமை செல்லும் தூரம்

விரல் நீளம்கூட இல்லாத ஒரு நன்னீர் மீனைக் கொண்டு மனிதரின் எலும்பு நோய்களை ஆராய்வது பொருந்துமா என்ற கேள்விக்கு, இரு உயிர்களின் மரபணுக்களும் பெரிதும் ஒத்திருக்கின்றன என்ற விடையே வழக்கமாகத் தரப்படுகிறது. 2013இல் வெளியான வரிக்குதிரை மீனின் மரபணுத்தொகை ஆய்வு, மனித மரபணுக்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு இம்மீனில் குறைந்தது ஓர் இணை மரபணுவேனும் உண்டு எனக் காட்டியது. இந்த எண் சரியானதே. ஆனால் அதன்மேல் ஏற்றப்படும் வாதம் அது தாங்கக்கூடியதைவிடப் பெரியது. மூலக்கூறு, செல், உறுப்பு, முழு உடல் ஆகியவற்றுள் எந்த நிலையில் ஒரு கேள்வி எழுப்பப்படுகிறதோ, அந்த நிலையில் மீனும் மனிதரும் ஒத்திருக்கிறார்களா என்பதே அந்தக் கேள்விக்கு மீன் ஏற்றதா என்பதை முடிவு செய்கிறது. மொத்த ஒப்புமையின் விழுக்காடு அதை முடிவு செய்வதில்லை.

'டேனியோ ரெரியோ' என்ற அறிவியல் பெயருடைய இம்மீன் கங்கைப் படுகை உள்ளிட்ட தெற்காசிய நீர்நிலைகளுக்கு உரியது. 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றிய தமது நூலில் இதை விவரித்தார். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை மரபியல் ஆய்வுக்குரிய உயிரியாக வளர்த்தெடுத்தார். 1996இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும் நடந்த பேரளவுத் தேடல்களின் முடிவுகள் வெளிவந்து, வளர்ச்சிக் குறைபாடுடைய நூற்றுக்கணக்கான மீன் மரபுகள் ஆய்வாளர்களின் கைக்கு வந்தன. கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்வதாலும், இளங்குஞ்சு ஒளி ஊடுருவும் உடலைக் கொண்டிருப்பதாலும், எலும்பாக்கும் செல்களை ஒளிரச் செய்து, அவை சுண்ணாம்பைப் படியவைப்பதை உயிருள்ள மீனிலேயே நாள்தோறும் கண்ணால் தொடர முடிகிறது. கருப்பைக்குள் வளரும் எலிக்குஞ்சில் இது எளிதில் கைகூடாது.

மூலக்கூறு நிலையில் ஒப்புமை எவ்வளவு நெருக்கமானது என்பதற்குச் சிறு அடியிலும் எலும்பு முறியும் 'ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா' என்ற பரம்பரை நோய் தெளிவான சான்று. எலும்புக்கு இழுவலிமை தரும் முதல்வகைக் கொலாஜன், மூன்று புரிகள் முறுக்கிய கயிறுபோல் அமைந்த புரதம். ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது இடந்தோறும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தால்தான் முறுக்கு இறுகும். அந்த இடத்தில் பருத்த அமினோ அமிலம் ஒன்று வந்து அமர்ந்தால் முறுக்கு தடைப்பட்டு, பழுதான கொலாஜன் செல்லுக்குள்ளேயே தேங்கும். வளர்ந்த மீன்களை எக்ஸ்ரே எடுத்துத் தேடியபோது கண்டறியப்பட்டு 2003இல் விவரிக்கப்பட்ட 'சிவாவா' என்னும் மீன் மரபில் நேர்ந்திருப்பதும் இதுவே: ஒரு கிளைசினின் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் வந்ததால் அதன் எலும்புகள் உருக்குலைந்துள்ளன, விலாக்களில் முறிவுகள் காணப்படுகின்றன. நோயாளிகள் பலரிடமும் உள்ள பழுது இதே வகையைச் சேர்ந்தது. 2017இல் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழக ஆய்வுக்குழு, யூரியா சுழற்சிக் கோளாறுகளுக்கு ஏற்கெனவே பயன்பட்டுவரும் ஃபீனைல்பியூட்டிரேட் என்ற மருந்தை இம்மீன்களுக்குக் கொடுத்தபோது, செல்லுக்குள் கொலாஜன் தேங்குவது குறைந்து எலும்பின் நிலையும் சீரடைந்தது. எலும்பு நலிவதற்குக் கொலாஜன் பற்றாக்குறை மட்டுமன்றி, பழுதான புரதத்தைச் சுமக்கும் செல்லின் திணறலும் காரணம் என்பதற்கு இது வலுவான ஆதரவு. எனினும் மனிதரின் முதல்வகைக் கொலாஜன் இரண்டு வகைப் புரிகளால் ஆனது, மீனினுடையதோ மூன்று வகைப் புரிகளால் ஆனது என்பதை மறக்கலாகாது. நோயின் கடுமையை மீனிலிருந்து மனிதருக்கு அளவு மாறாமல் பெயர்த்துச் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

உறுப்பு நிலையில் வியப்பூட்டும் பொருத்தம் ஒன்று, முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் 'ஸ்கோலியோசிஸ்' நோயில் கிடைத்தது. காரணம் தெரியாமல் வளரிளம் பருவத்தில் தோன்றும் இவ்வளைவு, நிமிர்ந்து நடப்பதற்கு மனிதர் கொடுக்கும் விலை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நான்கு கால்களில் நடக்கும் எலியில் அது இயல்பாகத் தோன்றுவதும் அரிது. கால்களே இல்லாத மீனிலோ அது தோன்றுகிறது. பிடிகே7 என்ற மரபணு பழுதான மீன்களில், முள்ளெலும்புகள் தனித்தனியே குறையின்றி உருவான பிறகு முதுகு வளைகிறது. இம்மீன்களின் மூளையறைகளில், மூளைத் தண்டுவடத் திரவத்தை ஓடச்செய்யும் குறுயிழைகள் பழுதடைந்திருப்பதை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அசையும் குறுயிழைகளைக் கொண்ட செல்களில் மட்டும் அம்மரபணுவை மீட்டுத் தந்தபோது வளைவு தோன்றவில்லை. வளைவு தொடங்கிய பின் குறுயிழை அசைவை மீட்டாலும் அது மேலும் முற்றாமல் நின்றது. மனித நோயாளிகள் அனைவருக்கும் இதுவே காரணம் என்று இதைக் கொண்டு முடிவுகட்ட இயலாது. ஆனால் எலும்பிலும் தசையிலும் மட்டுமே காரணத்தைத் தேடிவந்த துறையை நரம்பு மண்டலத்தின் பக்கம் திருப்பியதில் இம்மீனுக்குப் பெரும்பங்கு உண்டு.

முழு உடல் நிலையில் இந்த உறவு தளர்கிறது. முதுமையில், குறிப்பாகப் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின், எலும்பின் அடர்த்தி குறையும் எலும்புப்புரை நோயில் எலும்பு மஜ்ஜை, ஹார்மோன்கள், உடற்பாரம் ஆகிய எல்லாமே பங்கேற்கின்றன. மீனின் எடையை நீர் தாங்குகிறது, கால்சியத்தைச் செவுள்கள் நீரிலிருந்தே ஈர்க்கின்றன, இரத்தம் சிறுநீரகத்தில் உருவாகிறது. எனவே எலும்புப்புரையை முழுமையாக மீனில் உருவாக்கிவிட்டதாகக் கூறும் எந்த ஆய்வையும் ஐயத்துடனேயே அணுக வேண்டும். அதே நோயின் மரபணுக் கேள்விக்கோ மீன் நன்கு உதவுகிறது: 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் குதிகால் எலும்பை அளந்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வு, எலும்பு அடர்த்தியோடு தொடர்புடைய 518 மரபணு இடங்களைச் சுட்டியது, இவ்விடங்களில் எந்த மரபணு உண்மையில் எலும்பைப் பாதிக்கிறது என்பதை, கிரிஸ்பர் முறையால் மீனில் ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து, எலியைவிட மிகக் குறைந்த செலவில் சலித்தெடுக்கலாம்.

எலும்புக்கூட்டின் ஒப்புமை சிறிதும் தேவைப்படாத நேர்வும் உண்டு. தசையும் தசைநாணும் படிப்படியாக எலும்பாகி உடலையே பூட்டிவிடும் அரிய நோய்க்கு, பிஎம்பி என்ற வளர்ச்சிச் சமிக்ஞையை ஏற்கும் ஏசிவிஆர்1 மரபணுவின் பழுதே காரணம் என்பது 2006இல் கண்டறியப்பட்டது. இதே சமிக்ஞைதான் மீன் கருவில் முதுகுப்புறம் எது, வயிற்றுப்புறம் எது என்பதை வகுக்கிறது. அதைத் தடுத்தால் கரு முதுகுப்புறமாக மிகுந்து உருத்திரியும். 7,500க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களை மீன் கருக்களில் சோதித்து இவ்வுருத்திரிபைத் தேடிய ஆய்வாளர்கள், டார்சோமார்ஃபின் என்ற பொருளை 2008இல் அறிவித்தனர். அந்தக் கருக்களில் அப்போது எலும்பே உருவாகியிருக்கவில்லை. டார்சோமார்ஃபினிலிருந்து செம்மைப்படுத்தப்பட்ட எல்டிஎன்-193189 என்ற சேர்மம், அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், எலிகளின் தசைகளில் எலும்பு முளைப்பதைக் குறைத்தது.