சாக்லேட் அரைத்த ஆட்டுக்கல்

ரமணாசிரமத்தைச் சுற்றி வாழ்கிற நமக்கு, சாக்லேட் என்றாலே செங்கம் ரோட்டில் நடமாடும் வெள்ளைக்காரர்களின் தின்பண்டம் என்ற நினைப்பு. ஆனால் அதன் சமீப கால சரித்திரத்தைப் புரட்டினால் நம் வீட்டு ஆட்டுக்கல் எதிரே வந்து நிற்கும். பார்த்த உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கைத்தொழிலாகச் சாக்லேட் செய்ய வந்தவர்கள் பலருக்கும் வழி திறந்துவிட்டது அந்தக் கல்தான்.

கொக்கோ தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். நம் மல்லாட்டையின் பூர்வீகமும் அதே கண்டம்தான். 1798-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அம்பாய்னா தீவிலிருந்து எட்டுக் கொக்கோச் செடிகளைக் கொண்டுவந்து குற்றாலத்தில் வைத்தார்கள். மல்லாட்டை நம்மோடு ஒட்டிக்கொண்டது, கொக்கோ ஒட்டவில்லை. மல்லாட்டையைப் பிடுங்கி அவித்தால் அன்றைக்கே தின்னலாம். கொக்கோ அப்படி இல்லீங்க. கொட்டையைச் சதையோடு ஐந்தாறு நாள் புளிக்க வைக்கணும், காய வைக்கணும், வறுத்துத் தோல் நீக்கணும், அப்புறம் நாக்கில் நறநறவென்று படாத அளவுக்கு மணிக்கணக்கில் அரைக்கணும். அரைக்கும் இயந்திரமோ பெரிய ஆலைகளிடம் மட்டுமே இருந்தது. ஆகவே விளைவித்தவன் கொட்டையை விற்பதோடு சரி. 1980-களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது, கேரளத்தில் பலர் மரத்தையே வெட்டிப் போட்டார்கள்.

இந்த இடத்தில்தான் கோயம்புத்தூர் வருகிறது. 1955-இல் அங்கே பி. சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவாட்டும் இயந்திரத்தைச் செய்தார். நம் தாய்மார்களின் தோள்வலிக்கு அவர் செய்த உபகாரத்துக்குச் சிலையே வைக்கலாம்! (ஆசிரமச் சமையற்கட்டில் விடியுமுன் பகவான் ரமணரே காய் நறுக்கி, சட்னி அரைத்ததை இவ்வூர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதெல்லாம் கைக்கல் காலம்.) பிறகு அது மேஜைமேல் வைக்கும் அளவுக்குச் சிறுத்து, புலம்பெயர்ந்த தமிழர்களோடு அமெரிக்காவுக்கும் போனது.

அங்கே ஆரிகன் மாநிலத்தில் ஜான் நான்சி என்ற ரசாயனக்காரர், வீட்டிலேயே சாக்லேட் செய்ய வழி தேடிக்கொண்டிருந்தார். 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் அவர் கண்ணில் பட்டது நம் இட்லி கிரைண்டர். கல்மேல் கல் உருண்டு நசுக்குவதுதானே சாக்லேட்டுக்கும் வேண்டியது? ஆனால் ஒரு சங்கடம். இட்லிக்கு அரை மணி, முக்கால் மணி ஓடினால் போதும். சாக்லேட்டுக்கு ஒரு நாள், இரண்டு நாள் ஓடணும். மோட்டார் சூடேறிப் படுத்துவிடும். அமெரிக்காவில் இந்தியக் குடும்பங்களுக்குக் கிரைண்டர் விற்றுவந்த ஆண்டாள் – பாலு தம்பதி, இதற்கென்றே இயந்திரத்தைத் திருத்தி அமைத்து, 'கொக்கோ டவுன்' என்ற பெயரில் தனித் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார்கள். இன்று உலகின் பல மூலைகளில் சிறு சாக்லேட்காரர்கள் அரைப்பது இந்த வம்சத்துக் கல்லில்தான்.

கல் ஊர் சுற்றித் திரும்பியும் வந்தது. 2014-இல், நமக்கு அடுத்த பக்கத்தில் இருக்கும் ஆரோவில்லில் 'மேசன் அண்ட் கோ' தொடங்கியது. அவர்கள் முதலில் செய்யவேண்டியிருந்த வேலை, கொட்டையைச் சரியாகப் புளிக்கவைக்க விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுப்பது. சென்னையில் நிதின் சோர்டியா, சில்லறை வணிக ஆலோசகராக இருந்தவர், சாக்லேட் சுவைப்பதற்கென்றே முறையாகப் பயின்று, மனைவி பூனத்தோடு சேர்ந்து 2019-இல் 'கொக்கோட்ரெய்ட்' தொடங்கினார். பனியன் ஆலைப் பஞ்சுக் கழிவையும் கொக்கோத் தோலையும் சேர்த்துச் செய்த காகிதத்தில்தான் சாக்லேட்டைச் சுற்றுகிறார்கள். கத்துக்க வருகிறவர்களுக்குப் பாடமும் நடத்துகிறார்கள்.

நம் மாணவர்களில் யாருக்கேனும் ஆசை வந்தால் ஒரு கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் வாங்குவது பெரிய காரியமல்ல. கொட்டை விலைதான் ஆளை ஆட்டிவைக்கும். 2024-இல் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டிப் போய், அடுத்த ஆண்டே மளமளவென்று இறங்கியது. நிழலும் ஈரமும் கேட்கும் அந்த மரத்துக்கு நம் வறண்ட சமவெளி தோதுப்படாது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைவதை வாங்கிவந்துதான் இங்கே அரைக்கவேண்டியிருக்கும்.