வடுவும் தாலியும்: எஸ்தாக்கியார் கதையில் மறை வெளிப்படும் முறை

1894ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் ஆசியச் சங்கத்தின் சஞ்சிகையில் மோசஸ் காஸ்டர் ஒரு சிறு வியாசம் வெளியிட்டார். ருமேனியாவிற் பிறந்து இங்கிலாந்தில் யூத சமயகுருவாய் விளங்கிய அவர், நாட்டுக்கதை ஆராய்ச்சியில் தம் காலத்து முன்னணியில் நின்றவருள் ஒருவர். நிக்ரோதமிக ஜாதகத்தையும் எஸ்தாக்கியார் சரித்திரத்தையும் அருகருகே நிறுத்தும் அவ்வியாசத்தின் தலைப்பே அவர் இக்கதைக்கு உயிர்நிலையாகக் கொண்டது எது என்பதை உரைத்துவிடுகிறது. வேட்டைக்குச் சென்ற சேனாதிபதியின் எதிரே ஒரு மான் நின்று ஞானம் உணர்த்துகிறதே, அந்த மான்தான் அவருக்குக் கதை முழுவதற்கும் மூலம். மான் பாரத நாட்டினின்று போனதென்றால் கதையும் இங்கிருந்தே போனது என்பது அவர் கட்சி. நம் நாட்டாருக்கு இது இனிக்கும் முடிபு. இனிக்கும் முடிபாயிருப்பதே இதனை இருமுறை நிறுத்துப் பார்ப்பதற்குப் போதிய காரணம் என்று கருதுகிறேன்.

கதையைப் பலரும் அறிவர். திராயான் சக்கரவர்த்தியின் சேனாதிபதி பிளாசிதாசு, கொம்புகளின் நடுவே சிலுவை தோன்றிய மானைக் கண்டு ஞானஸ்நானம் பெற்று எஸ்தாக்கியார் என்னும் பெயர் பூணுகிறான். கொள்ளைநோயிலும் கள்வர் கையிலும் செல்வமெல்லாம் இழந்து கப்பலேறுகையில், கூலி கொடுக்க வகையில்லாமையால் கப்பல் தலைவன் அவன் மனைவியைப் பறித்துக்கொள்கிறான். பின்னர் ஓர் ஆற்றைக் கடக்கும்போது, இரு குழந்தைகளும் இரு கரைகளில் இருக்க, அவன் நடு நீரில் நிற்கையில், ஒன்றைச் சிங்கமும் மற்றொன்றை ஓநாயும் கவ்விச் செல்கின்றன. ஊராரால் மீட்கப்பட்ட பிள்ளைகள் ஒரே ஊரில் ஒருவரையொருவர் அறியாமல் வளர்கிறார்கள். தந்தையோ பெயரை மறைத்து ஒரு சிற்றூரில் பதினைந்து ஆண்டு வயற்காவல் புரிகிறான். பகைவர் எழுந்தபோது அரசன் அவனைத் தேடுவிக்கிறான்; மீண்டும் சேனாதிபதியாகி வென்று, குடும்பத்தோடு கூடி, ஈற்றில் அதிரியான் ஆணையால் வெண்கல எருதினுள் இடப்பட்டு நால்வரும் உயிர் துறக்கிறார்கள்.

காஸ்டரின் கட்சியை அலட்சியமாகத் தள்ளிவிட ஒண்ணாது. புத்தர் பிரானின் சரித்திரமே பர்லாம், யோசபாத்து என்னும் அடியார் கதையாக உருமாறி ஐரோப்பா முழுவதும் வழிபாடு பெற்றது யாவரும் ஒப்பிய உண்மை. போதிசத்துவன் போன வழியில் ஒரு மான் போவதற்கு என்ன தடை? ஆயினும் அந்த மான் யார் என்பதை முதலிற் காணவேண்டும். பாலி ஜாதகத் தொகுதியில் 12ஆம் கதையாகிய நிக்ரோதமிக ஜாதகத்தில், கருவுற்ற பெண்மானுக்குப் பதிலாகத் தன் கழுத்தைக் கொலைக்களத்தில் வைக்க வருகிறது மான் அரசு. அது கண்டு காசியரசன் மனமிரங்கி உயிர்கட்கெல்லாம் அபயம் அளிக்கிறான். பார்ஹுத் தூபியின் சிற்பம் ஒன்றன்மேல் ‘இசிமிகோ ஜாதகம்’ என்று பொறித்திருப்பது இக்கதையையே குறிக்கும் என்று கொள்வார் உளர். அக்கொள்கையை ஏற்போமாயின், இரண்டே சொல்லாலான அப்பொறிப்பு காஸ்டருக்கு மாறாகச் சான்று பகர்கிறது. ‘இசி’ என்பது ரிஷி. ‘மிகோ’ மிருகம், அதாவது மான். முனிவனாகிய மான் என்று கல்தச்சனோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பிக்குவோ பெயரிட்டிருக்கிறான். அங்கே மானே தலைவன்; அரசன் பாடம் கேட்கும் மாணாக்கன். எஸ்தாக்கியார் கதையில் மான் ஒரே ஒரு முறை வந்து செய்தி உரைத்து மறைந்துவிடுகிறது; வேடனே தலைவன்; அவன் படப்போகும் பாடுகளே கதை. தூதனை நாயகன் என்று கொள்வது, காண்டவ தகனத்திற் பிழைத்த பறவைக்காக மகாபாரதம் எழுந்தது என்பதை ஒக்கும்.

காஸ்டர் கட்சிக்கு மானைவிட வலிய துணை வேறொன்று உண்டு. அது படாசாரையின் விருத்தாந்தம். கணவன் பாம்பு தீண்டி மாள, அசிரவதி ஆற்றைக் கடக்கும் அவள் மூத்தவனை ஒரு கரையில் விட்டுப் பச்சிளங் குழவியை மறுகரை சேர்த்துத் திரும்புகையில், குழவியைப் பருந்து கவ்வுகிறது. அதனை ஓட்ட அவள் கூவியதைத் தன்னை அழைப்பதாக எண்ணி நீரில் இறங்கிய மூத்தவனை வெள்ளம் கொண்டுபோகிறது. நடு ஆற்றில் இருபுறமும் பார்த்துக் கையற்று நிற்கும் அந்த நிலை இரண்டு கதைகட்கும் பொது என்பதை நான் மறுக்கவில்லை. மறுப்பது இதற்கு அடுத்ததை. படாசாரையின் மக்கள் மீள்வதில்லை. மீளாமையே அவளைப் பிக்குணியாக்குகிறது. எஸ்தாக்கியாரின் மக்கள் மீள்கிறார்கள். பிரிந்தாரை மீட்டுத் தருவதற்காகவே பிரிக்கும் கதையும், பிரிவு மீளாது என்று உணர்த்தவந்த கதையும் ஒரு துறையில் நீர் உண்டிருக்கலாம். ஒரு வயிற்றில் பிறந்தவை ஆகா.

ஜெரூல்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1904இல் இக்கதையின் முன்னோரையும் கிளைகளையும் விரித்து ஆராய்ந்தார். நாட்டுக்கதை வகைப்பாட்டிலும் பிளாசிதாசு என்ற பெயரோடு 938ஆம் இனமாக இது இடம் பெற்றுள்ளது. எட்டாம் நூற்றாண்டில் தமஸ்கு நகர யோவான் இந்த மான் காட்சியை எடுத்துக் காட்டுவதால், கிரேக்க வரலாறு அதற்கு முந்தியது என்பது மட்டும் உறுதி. எத்துணை முந்தியது என்பதில் அறிஞர் ஒருமித்திலர்.

என் கருத்தில் இக்கதையின் உயிர்நிலை மறை வெளிப்படும் வரிசை. மறைந்து வாழும் வீரனை முதலில் அறிபவர் குடும்பத்தார் அல்லர். பழைய படைத்தோழர் இருவர். அவர்களை அவன் கண்டவுடனே அறிந்துகொள்கிறான். அவர்களோ அவனை அறியாமல், வழிப்போக்கராய் அவன் இட்ட உணவை உண்கிறார்கள். அவன் வெளியே போய் அழுது முகங்கழுவிக்கொண்டு மீண்டும் பரிமாற வருகிறான். அம்முகத்தை உற்றுப் பார்த்த இருவரும், நம் தலைவனுக்குப் போரிற்பட்ட வடு ஒன்று உண்டே, அது இவனிடம் இருக்குமானால் இவனே அவன் என்று தமக்குள் பேசி, தேடிக் கண்டு, கட்டிக்கொள்கிறார்கள். அடுத்து மைந்தர்: படையிற் சேர்ந்த இருவரும் ஒரு பெண்ணின் குடிசையில் தங்கித் தத்தம் பிள்ளைப்பருவம் பேசுகையில் அண்ணன் தம்பி என அறிகிறார்கள். குடிசைக்காரி அப்பேச்சை ஒட்டுக்கேட்கிறாள், அவளே தாய். அவள் சேனாதிபதியிடம் முறையிடச் சென்று அவனைக் கணவன் என அறிகிறாள். பிள்ளைகளை விலங்குகள் தின்றன என்று அவன் கூற, இல்லை, நான் கண்டேன் என்கிறாள் அவள். தோழருக்கு உடம்பின் அடையாளம், உடன்பிறந்தாருக்குச் சொல், தாய்க்குக் காது என்று மறை படிப்படியாக அவிழ, நாயகன் தன் குடும்பத்தைப் பற்றிய செய்தியை எல்லாருக்கும் கடைசியில் அறிகிறான். கிரேக்க ஆசிரியன் அரிஸ்டாட்டில் வடு முதலிய அடையாளங்களால் அறியும் அறிதலைக் கடையாயதென்று தள்ளினான். வடுவைத் தோழருக்கு விட்டுக் குடும்பத்தாருக்குப் பேச்சை வைத்த இக்கதாசிரியன், அரிஸ்டாட்டில் நூலைக் கண்டவனோ அல்லனோ, அத்தரவரிசையைத் தன் போக்கில் உணர்ந்தவனே.

நம் மரபில் இதற்கு நிகரான அடையாளங்கள் வேறு. வாகுகனாகி மறைந்த நளனைத் தமயந்தி அவன் சமைத்த உணவின் சுவையாலும், மக்களை அவனிடம் அனுப்பியபோது அவன் கலங்கிய கலக்கத்தாலும் அறிகிறாள். நளபாகம் என்று இன்று கலியாணப் பந்தியிற் புகழ்வோர் அது ஒருகாலத்தில் ஒளிந்திருந்தவனைக் காட்டிக்கொடுத்த அடையாளம் என்பதை நினைப்பதில்லை. அரிச்சந்திரன் சுடலை காக்கிறான். எஸ்தாக்கியார் வயல் காக்கிறார். நாடாண்டவனைக் காவற்காரனாக்கிப் பார்ப்பதில் இரு கதைகட்கும் ஒரே ஆசை. ஆனால் சந்திரமதியை அரிச்சந்திரன் அறிவது, கணவன் ஒருவன் கண்ணுக்கன்றிப் பிறர்க்குப் புலப்படாத தாலியால். இதன் நுட்பம் பெரிது. வடு எவர்க்கும் தெரியும். பொருள்தான் தோழருக்கு மட்டும் விளங்கும். தாலியோ பொருள் எவர்க்கும் விளங்கும். காட்சிதான் ஒருவனுக்கு மட்டும். கர்ணன் கதையில் இவ்விரண்டும் இல்லை: குந்தி வாய் திறந்து அவனிடம் உண்மை உரைக்கிறாள்; தம்பியர் அறிவதோ அவன் மாண்ட பிறகு.

இந்த எஸ்தாக்கியார் முத்துக்குளித்துறைக்கும் அதன் எதிர்க்கரைக்கும் எப்படி வந்தார்? மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் கூத்து மரபில் எஸ்தாக்கியார் நாடகம் பெயர் பெற்றது. இக்கரைப் பரதவர் 1530களில் திருமறை தழுவியோர். சவேரியார் 1544இல் மணப்பாட்டிலிருந்து மன்சிலாசு என்னும் தம் துணைவர்க்கு எழுதிய கடிதங்கள் உள்ளன. அண்டிரிக் அடிகளார் இக்கரை மொழியில் இயற்றிய அடியார் வரலாறு 1586இல் அச்சேறியது. அச்சிட்ட ஊர் புன்னைக்காயலா அன்றா என்ற விவாதம் இன்னும் அடங்கவில்லை. எனவே அடியார் கதைகளைத் தமிழிற் கேட்கும் செவி இங்கே நானூறு ஆண்டுக்குக் குறையாத பழக்கம் உடையது.

கால நிர்ணயத்துக்குப் பெயரின் வடிவைத் தவிர என் கையில் வேறு கருவியில்லை. அதைச் சற்று அழுத்திப் பிடிக்கிறேன். இக்கரை வழக்கில் ஒரே அடியாருக்கு இரு பெயர் வழங்குவதுண்டு: யாகப்பர், சந்தியாகப்பர்; யோசேப்பு, சூசை. இணையில் பின்னவை போர்த்துகேயரின் சந்தியாகோ, ஜொசே என்பவற்றைக் காதாற் கேட்டு வைத்துக்கொண்டவை. எஸ்தாக்கி என்பதில் ஆங்கிலத்தின் சாயல் சிறிதும் இல்லை. இருந்தால் ஈற்றுக் ‘கி’ வந்திராது. இலத்தீனா, போர்த்துகேயமா என்பதே வினா. ‘ஆர்’ என்னும் மரியாதை விகுதி ‘உஸ்’ என்பதையும் ‘ஓ’ என்பதையும் வேறுபாடின்றி விழுங்கிவிடுவதால் ஈறு உதவாது. முதலெழுத்தைப் பார்த்தால், இலத்தீனின் ‘எவு’ என்னும் ஒலி ஏட்டைப் பார்த்து எழுதியவன் கையில் அப்படியே மறைந்திருக்காது. வாய்மொழியாகக் கேட்டவன் நாவிலேயே ‘எ’ என்று தேயும். ஆகவே இப்பெயர் குருமாரின் ஏட்டினின்று அன்றி, கப்பற்காரரும் உபதேசியாரும் பழகிய பேச்சினின்று கரையேறியது என்பது என் துணிபு. இதை ஒப்பாதார் ஒரே ஓர் எழுத்தின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்பர், கேள்வி நியாயமானதே. பேச்சு வழக்கிற் பெயர் இருந்தது என்பதால் நாடகமும் அப்பொழுதே இருந்தது என்று நான் கூறவில்லை.

கரையார்க்கு இக்கதை ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் காண மானிடம் போகவேண்டுவதில்லை. மணப்பாட்டு மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயத்தின் அருகே நின்று பார்ப்பார்க்கு ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஆறு வந்து தேங்கும் கழியும் ஒருங்கே தோன்றும். கூலிக்குப் பதிலாக மனைவியைப் பிடித்துக்கொண்டு கப்பல் நகர்ந்த கதையும், இரு கரையிலும் பிள்ளைகளை வைத்து நடு நீரில் நின்ற கதையும், இங்குள்ளார்க்கு உரை வேண்டாதவை. முத்துக்குளிப்பவனின் கயிற்றைப் பிடித்து மேலே நிற்பவன் மைத்துனனாயிருக்க வேண்டும், தமக்கை தாலியறுக்க அவன் ஒருப்படான் என்பது கரைச் சொல்வழக்கு. எஸ்தாக்கியார் கதை தோழரையும் சுற்றத்தையும் இரு வேறு வரிசையில் நிறுத்துகிறது. கயிறு பிடிக்கும் மச்சானோ இரண்டு வரிசையிலும் நிற்பவன்.

இனிக் கூத்துக்கு வருவோம். அண்ணாவியார் பழக்கும் கூத்தில் கட்டியக்காரன் முன்வந்து கட்டியம் கூற, ஒவ்வொரு பாத்திரமும் தான் இன்னார் என்று வரவு பாடிக்கொண்டே களரியில் ஏறுவது முறை. ஆகவே மறை என்பது பாத்திரங்களுக்குள்ளே மட்டும். பார்ப்போர்க்கு முதலிலிருந்தே ஒளிவில்லை. வயற்காவற்காரன் யார் என்பது வினாவன்று; தோழன் எப்போது பார்ப்பான் என்பதே வினா. காஸ்டர் ஏட்டிற் கண்ட கதைக்கும் களரியிற் காணும் கதைக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு அவருக்குப் புலப்பட வழியில்லை. 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய சக்திமான் தொடரும் கூத்தின் முறையையே பின்பற்றியது: கண்ணாடி போட்ட கோமாளி கங்காதரனே சக்திமான் என்பது வீட்டுக் குழந்தைக்கும் தெரியும், கூடவே திரியும் கீதாவுக்குத்தான் தெரியாது. அதே காலத்துத் தமிழ்த் தொடர் ‘விடாது கருப்பு’ மாறான வழி சென்று, குதிரையில் வந்து தண்டிக்கும் கருப்பு யார் என்பதைக் குடும்பத்தாரிடமிருந்து மட்டுமன்றி நம்மிடமிருந்தும் ஒளித்தது. பின்னதைத் துப்பறியும் கதையின் வாரிசு என்பேன். முன்னது கட்டியக்காரன் வழிவந்தது.

கூத்து இக்கதைக்கு உண்டாக்கும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. முகப்பூச்சும் கிரீடமும் அணிந்தவன் உடம்பில், விளக்கொளியில், பின்வரிசையில் பாயில் இருப்பவனுக்கு வடு எங்ஙனம் தெரியும்? தெரியாது. பாட்டு அதனைச் சொல்லவேண்டும். சொன்ன பின்னும் களரியில் அதனைக் கண்ணாற் காண்பவர் அந்தியோக்கு, அக்காசியு என்னும் அவ்விரு வீரர் மட்டுமே. உரோமாபுரிச் சேனாதிபதியின் வடு, நம் களரி ஏறியவுடன், சந்திரமதியின் தாலியைப் போல ஆகிவிடுகிறது.