மலைக்கு வழி உண்டு, வண்டிக்கு இல்லை

திருப்பதி மலையடிவாரத்தில் உள்ள அலிபிரியைச் சுற்றி மண்பாதைகளுக்குப் பஞ்சமில்லை. வனத்துறை ஜீப் தடங்கள், தீத்தடுப்புக் கோடுகள், வறண்ட ஓடைகள் என்று சேஷாசல அடிவாரம் முழுக்கக் கிடக்கின்றன. டர்ட் பைக் ஓட்டுகிறவர்களுக்கு இவை ஒருகாலத்தில் எல்லோருக்கும் திறந்திருந்த வழிகளாகவும், சட்டம் பின்னால் வந்து பூட்டியவையாகவும் தோன்றலாம். ஆனால் இந்த மலையில் எந்த வழியும் எல்லோருக்குமாகத் திறக்கப்பட்டதில்லை. இன்னாருக்கு, இன்ன காரியத்துக்கு என்றுதான் திறந்தார்கள். சுமார் 3,550 படிகள் கொண்ட அலிபிரி நடைவழி பக்தரின் கால்களுக்காக வந்தது. மோட்டார் வண்டிக்கு மலைச்சாலை கிடைத்தது 1944 ஏப்ரலில்தான். சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் திறந்துவைத்தார். இரண்டாவது சாலை 1974இல் வந்தது. இன்று ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. அந்தத் தார்ச்சாலையில்கூட உரிமை முழுசாக இல்லை. 2023 ஆகஸ்டில் நடைவழியில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்றபின், மாலை 6 முதல் காலை 6 வரை இருசக்கர வண்டிகளைத் திருப்பதி தேவஸ்தானம் சிலகாலம் தடுத்தது.

காட்டின் கதை இன்னும் பழையது. இந்தப் பகுதி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒரு காட்டைக் காப்புக்காடாக அறிவிக்குமுன் வழி, மேய்ச்சல், நீரோட்டம் ஆகியவற்றின் மீதான உரிமைக் கோரிக்கைகளை அதிகாரி விசாரிக்க வேண்டும் என்றது அது. அப்போது கேட்கப்பட்டவை ஆட்களின், ஆடுமாடுகளின், கட்டைவண்டிகளின் வழிகள். ஜெர்மன் பொறியாளர் டெய்ம்லரின் மோட்டார் சைக்கிள் பிறக்கவே இன்னும் மூன்று ஆண்டு இருந்தது. ஆகவே பறிபோனதாகச் சொல்ல பைக்குக்கு இங்கே எதுவும் இல்லை. 1989இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா வந்தபின் அனுமதியின்றி நுழைவதன் மீதான கட்டுப்பாடு இன்னும் இறுகியது.

வனத்துறை ஜீப் போகலாம், நாங்கள் போகக்கூடாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தத் தடங்கள் ரோந்துக்கும் தீயணைப்புக்கும் போட்டவை. செம்மரக் கடத்தல் நடக்கும் காட்டில் முன்பின் தெரியாத வண்டி எதுவானாலும் சந்தேகத்துக்குரியது. 2015 ஏப்ரல் 7 அன்று இங்கே தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் கடத்தல்காரர்கள் என்று போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறந்துவிட முடியாது. அமெரிக்காவில் காட்டுக்குள் தடம் கொடுக்கிறார்களே என்றும் சொல்வார்கள். உண்மை, ஆனால் 2005 விதிப்படி அங்கே வரைபடத்தில் குறித்த தடத்தில் மட்டும்தான் ஓட்டலாம். பிரிட்டன் 2006இல் பல கிராமப் பாதைகளில் மோட்டார் உரிமையையே நீக்கியது. நம் வனச் சட்டங்களில் அப்படிக் குறித்துக் கொடுக்கும் ஏற்பாடே இல்லை. இருந்திருந்தால் நல்லதுதான், ஆனாலும் வனவிலங்குகளுக்கு ஒதுக்கிய இடத்தில் அதைத் தொடங்கச் சொல்வது தவறு.

எனவே இங்கே சட்டபூர்வமான தடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, உருவாக்கத்தான் வேண்டும். அதுவும் காட்டுக்கு வெளியே. சித்தூரை ஒட்டிய கோலார் பக்கம், டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய பிக்ராக் டர்ட்பார்க் இதற்கு முன்மாதிரி. பந்தய பைக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பொதுமக்கள் போகும் உரிமையுள்ள மண்பாதையும் பொது இடமே; பதிவெண் இல்லாத வண்டி அங்கே ஓடக்கூடாது. அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். வண்டியை இறக்குமுன் அந்த நிலம் பட்டாவா, புறம்போக்கா, காப்புக்காடா என்று வருவாய்த்துறைப் பதிவில் பாருங்கள். பட்டா என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.