சீனக் கை, வெறுங்கை

கராத்தே என்றால் என்ன என்று கேட்டால் எங்கள் டோஜோவில் மஞ்சள் பெல்ட் பொடியன்கூடச் சொல்லிவிடுவான்: ‘கரா’ என்றால் வெறுமை, ‘தே’ என்றால் கை. ஆக, வெறுங்கை. பதில் சரிதான். ஆனால் அது அதிகாரபூர்வமான பதிலாகி இன்னும் நூறு வருடம் முடியவில்லை. அதற்கு முன்னால் அதே சொல்லுக்கு ‘சீனக் கை’ என்றுதான் பொருள்.

கராத்தே பிறந்த ஒகினாவா 1879 வரை ஜப்பானின் ஒரு மாநிலம் அல்ல. ரியூக்யூ என்ற தனி அரசு. 1372-இல் தொடங்கி சீனப் பேரரசருக்குக் கப்பம் கட்டி, அந்த உறவை வைத்தே கடல் வணிகம் செய்து பிழைத்த தீவுகள். 1609-இல் ஜப்பானின் சத்சுமா படை வந்து இறங்கியபிறகு இரண்டு எஜமானர்களையும் ஒரே சமயத்தில் சமாளித்தது. சீனாவின் ஃபுஜியான் பகுதிக்குப் போய்வந்தவர்கள் வழியாகவும், ரியூக்யூவுக்கு வந்த சீனர்கள் வழியாகவும் அங்கத்திய சண்டை முறைகள் உள்ளூர்க் கலையோடு கலந்தன. உள்ளூர்க் கலைக்கு ‘தீ’ என்று பெயர். நெருப்பு இல்லை, ஒகினாவா மொழியில் கை. சீனச் சாயல் கொண்டது ‘தோதீ’, அதாவது தாங் வம்சத்துக் கை. தாங் என்றால் அங்கே சீனா என்றே அர்த்தம்.

ஆயுதம் பறிக்கப்பட்ட ஏழை விவசாயிகள் சாமுராய்களை எதிர்க்க ராத்திரியில் ரகசியமாகப் பழகிய கலை என்று ஒரு கதை எல்லா டோஜோவிலும் ஓடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நமக்குப் பெயர் தெரிந்த பழைய ஆசான்கள் பலரும் அரண்மனையைச் சேர்ந்தவர்கள். மட்சுமுரா சோகோன் மன்னரின் மெய்க்காவலர். அவரிடம் பயின்ற இதோசு அன்கோ அரசவை எழுத்தர்.

அரசு போனபின் இந்த எழுத்தர்தான் கலையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். சிறுவர்களுக்காக அவர் அமைத்த ‘பினான்’ கட்டாக்களைத்தான் இன்றும் ஆரம்ப மாணவர்கள் செய்கிறார்கள். அவருடைய மாணவர் ஃபுனாகோஷி கிச்சின் 1922-இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டி, அங்கேயே தங்கிவிட்டார். வெள்ளை உடையும் டான் தரவரிசையும் கானோ ஜிகோரோவின் ஜூடோவிலிருந்து வந்து சேர்ந்தன. நாம் ‘பாரம்பரியம்’ என்று இடுப்பில் கட்டிக்கொள்ளும் கறுப்பு பெல்ட், ஒகினாவாவுக்கு வெளியூர்ச் சரக்கு.

இப்போது பெயருக்கு வருவோம். ஜப்பானிய மொழியில் ‘தாங்’ எழுத்தையும் ‘கரா’ என்று படிக்கலாம், ‘வெறுமை’ எழுத்தையும் ‘கரா’ என்று படிக்கலாம். ஹனாஷிரோ சோமோ 1905-லேயே வெறுமை எழுத்தைப் பயன்படுத்தியிருக்கிறார். 1936 அக்டோபர் 25 அன்று, ரியூக்யூ ஷிம்போ நாளிதழ் கூட்டிய கூட்டத்தில், மியாகி சோஜுன் உள்ளிட்ட ஆசான்கள் நஹா நகரில் உட்கார்ந்து வெறுமையையே ஏற்றுக்கொண்டார்கள். ஒலி மாறவில்லை, எழுத்து மாறியது. தமிழில் நாம் ஒலியை மட்டும் எழுதுவதால், அந்தச் சண்டை நம் கண்ணுக்கே தெரியாது.

மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது பழகிய வேலை. ஒரு மாறியின் பெயரை மாற்றினால் நிரல் முன்பு போலவே ஓடும். ஆனால் வரலாற்றில் பெயர் அப்படிச் சும்மா மாறுவதில்லை. அந்த வருடத்தைப் பாருங்கள். அடுத்த ஜூலையில் ஜப்பான் சீனாவோடு முழுப்போரில் இறங்கியது. ஒகினாவாப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் அட்டை மாட்டித் தொங்கவிட்ட காலம் அது. ‘சீனா’ என்ற எழுத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு டோக்கியோவில் எவ்வளவு தூரம் போக முடியும்?

இதைத் துரோகம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஃபுனாகோஷியே இந்த மாற்றத்துக்குக் கடும் எதிர்ப்பு வந்ததைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அவர் சொன்ன நியாயம் அரசியலல்ல, பௌத்தம்: உருவமே வெறுமை என்னும் இருதய சூத்திரத்தின் கருத்து. அந்த வெறுமை நமக்குத் தெரிந்த சூனியம்தான். சம்ஸ்கிருதத்திலிருந்து சீனம் வழியாக ஜப்பான் போன சொல். டோஜோவும் அப்படியே. புத்தர் ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் போதிமண்டத்தின் சீன மொழிபெயர்ப்பு அது. சீனாவைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்ததும் சீனாவின் வழியாக வந்த சொல்தான்! கலை பிழைக்க ஒரு விலை கொடுத்தார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். விலை இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஃபுனாகோஷி கட்டாக்களின் பெயர்களையும் மாற்றினார். ‘பினான்’ ‘ஹெய்யான்’ ஆனது. இங்கே தலைகீழ்: எழுத்து அதே, உச்சரிப்பு மட்டும் ஜப்பானியம். ஆனால் மியாகியின் கோஜு-ரியூ வழியில் பழைய பெயர்கள் தங்கிவிட்டன. செய்சான் பதின்மூன்று, செய்பாய் பதினெட்டு, சான்செய்ரு முப்பத்தாறு, சுபாரின்பெய் நூற்றெட்டு. எல்லாம் தென்சீன உச்சரிப்பு ஒகினாவா நாக்கில் திரிந்த எண்கள்.

2009-இல் யுனெஸ்கோ ஒகினாவா மொழியை அழியும் ஆபத்திலுள்ள மொழிகளில் சேர்த்தது. உலகமெங்கும் டோஜோக்களில் இச்சி, நி, சான் என்று ஜப்பானிய மொழியில் எண்ணிக் குத்துகிறோம். எண்ணி முடித்ததும் கோஜு-ரியூ மாஸ்டர் ‘செய்சான்’ என்று குரல் கொடுப்பார். கூட்டம் போட்டு எழுத்தை மாற்றியவர்களால் அழிக்கப்படாத ஒரு சீனச் சொல் அது. கூடவே ஒரு தீவின் உச்சரிப்பும்.